ஒற்றைச் சில்லில் நாற்பத்தாறு

என் கணவர் கட்டாரில் ஒன்பது வருடம் லிஃப்ட் திருத்துகிற வேலை பார்த்தவர். நாற்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குகிற நீளக் குழிக்குள், இடுப்பில் பட்டி கட்டி, தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்று வேலை செய்வாராம். பட்டியைக் கொளுவாமல் ஒரு காலை உள்ளே வைத்தாலும் மேற்பார்வையாளர் அன்றைக்கு வேலையிலிருந்து இறக்கிவிடுவார். அந்த ஒன்பது வருடத்தில் அவருக்கு ஒரு நகம் பெயர்ந்ததாகக்கூட எனக்குச் செய்தி வந்ததில்லை. கல்முனைக்குத் திரும்பி வந்த பிறகுதான் இரண்டு கைகளையும் ஒன்றாக முறித்துக்கொண்டார்.

அந்த ஒற்றைச் சில்லு வண்டி அவர் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. கப்பல் கார்கோவில், போர்வைகளுக்கும் பால்மா டின்களுக்கும் நடுவில். பெட்டியைப் பிரித்தபோது அது என்னவென்றே எனக்கு விளங்கவில்லை. ஒரு சிறிய பயணப்பெட்டி அளவு. நடுவில் தடித்த டயர் போட்ட ஒரே ஒரு சில்லு. இரண்டு பக்கமும் மடக்கி விரிக்கிற மிதிபலகை. பிடிக்கக் கைபிடி இல்லை, இருக்க ஆசனம் இல்லை, பிரேக்கும் இல்லை. பற்றரியில் ஓடுவது. மேலே ஏறி நின்று உடம்பை முன்னால் சாய்த்தால் போகும், பின்னால் சாய்த்தால் நிற்கும். அவ்வளவுதான். அங்கே ஒரு பிலிப்பீன்காரர் ஊருக்குப் போகும்போது விற்றதாம். வெள்ளிக்கிழமைகளில் கடற்கரையோரம் ஓட்டிப் பழகியதாக அவர் தொலைபேசியில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வந்த புதிதில் அதை விளையாட்டுச் சாமான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா தெருவில் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவளும் அவளுடைய கூட்டாளிமாரும் மதிலோரம் வரிசையாக நிற்பார்கள். அவரும் அவர்களுக்காகக் கைகளைக் கட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

பிறகு பெட்ரோலுக்கு ஊரெல்லாம் வரிசை நின்ற காலம் வந்தது. எங்கள் மோட்டார் சைக்கிள் முருங்கை மரத்தடியில் இலை விழுந்து கிடந்தது. என் கணவர் ஊருக்கு வந்த பிறகு தண்ணீர் மோட்டார், நெல் மில் மோட்டார் திருத்துகிற வேலையைத் தொடங்கியிருந்தார். வேலையில் முக்கால்வாசி நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கம். தண்ணீருக்கு நடுவே போகிற கிட்டங்கிப் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். மோட்டார் திருத்துகிற மற்றவர்கள் வீட்டில் இருந்த நாட்களில் இவர் ஸ்பானர், குறடு என்று வேலை ஆயுதங்களைப் பையில் போட்டு முதுகில் கொளுவிக்கொண்டு, சில்லில் ஏறி நின்று புறப்பட்டுவிடுவார். வயல்வட்டைக்குள் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்; சவளக்கடையில் அவருக்குச் சில்லுக் காக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டு யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைக்க நான் விரும்பவில்லை.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கேட்டேன்.

“இஞ்ச பாருங்க, அதைப் போட்டுட்டுப் போனா என்ன?”

“இதுக்கு லைசனும் இல்ல, நம்பரும் இல்ல புள்ள. பொலிஸ் மறிச்சாலும் என்னண்டு எழுதுறதெண்டு அவனுக்கே தெரியா.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வெயிலுக்கு ஒரு துணித்தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சில்லுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஓர் அளவுக்கு மேல் வேகம் போனால் பீப் பீப் என்று கத்தும். அதையும் மீறிப் போனால் மிதிபலகையை முன்பக்கம் உயர்த்தி ஆளைப் பின்னால் தள்ளும். ஆரம்பத்தில் அவர் தெருமுனை திரும்பி வரும்போதே அந்தச் சத்தம் குசினிக்குள் கேட்கும். ஒரு மாதம் போனபின் சத்தத்தைக் காணவில்லை. மனிதர் மெதுவாகப் போகப் பழகிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது. பெட்ரோல் இல்லாததால் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வாரத்தில் சில நாட்கள்தான் நடந்தது. நான் வீட்டிலிருந்து கணிதத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். அவருடைய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் வேறு குரல்.

“தங்கச்சி, பயப்படாதீங்க. காக்கா விழுந்திட்டார். கிட்டங்கியில. உசிருக்கு ஒண்டும் இல்ல. கதைக்கிறார். லேண்ட்மாஸ்டர்ல ஏத்திட்டம், ஆஸ்பத்திரிக்குத்தான் வாறம்.”

அவர் கதைக்கிறார் என்றால் ஏன் அவரே கதைக்கவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. என் தம்பி பக்கத்து வளவில்தான் இருக்கிறான், சாமான் கடை வைத்திருக்கிறவன். அவனுடைய சைக்கிளின் பின்கரியரில் அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தேன். சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சைக்கிளில் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்து நிறைய நேரத்துக்குப் பிறகுதான் வயல் உழுகிற அந்த லேண்ட்மாஸ்டர் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஆடி ஆடி வந்தது. பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, அதன்மேல் ஒரு சாரனை விரித்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர் இருந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்து, காலில் தண்ணீரில் மிதக்கிற ஆற்றுவாழையின் வேர் ஒட்டியிருந்தது. கிட்டங்கியில் வலை போடுகிற தமிழ் ஆள். தண்ணீருக்குள் நின்றவர் சத்தம் கேட்டு ஏறி ஓடி வந்தாராம். தொலைபேசியில் கதைத்தவரும் அவர்தான்.

கணவரின் நாடி, உதட்டுக்குக் கீழே, பிளந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. முழங்கால் தோல் உரிந்து மண் அப்பிக்கிடந்தது. ஆனால் நான் பார்த்தது கைகளைத்தான். இரண்டு மணிக்கட்டும் இருக்க வேண்டிய திசையில் இல்லை. கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தன.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர் சொன்னார்: “விழக்குள்ள எல்லாரும் கையத்தான் ஊண்டுவாங்க. வேகம் முழுக்கக் கையில இறங்கியிருக்கு. தலையில ஒண்டும் போடல்லையா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“தலை தப்பினது அதிஷ்டம்” என்றார். பிறகு அவரைப் பார்த்து, “எப்படி விழுந்த?” என்று கேட்டார்.

என் கணவர் வீங்கிய உதட்டால் சொன்னார். “நாய் ஒண்டு குறுக்கால பாஞ்சிட்டு.”

அந்த வசனத்தை அன்றைக்கு எத்தனையோ பேர் கேட்டார்கள். வார்ட்டுக்கு வந்த சொந்தக்காரர், பள்ளிவாசல் ஆட்கள், மில்காரர். எல்லோரும் உடனே நம்பினார்கள். எங்கள் ஆட்களுக்கு நாயென்றால் ஏற்கெனவே ஒதுக்கம்தான். உடுப்பில் பட்டால் கழுவ வேண்டும், தொழுகைக்கு ஆகாது. குற்றத்தை அதன்மேல் வைத்தால் ஒருவரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு கைகளுக்கும் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கை முறிந்தவரை ஊரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு கையும் இல்லாத மனிதனோடு வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. சோற்றைக் குழைத்து வாயில் வைக்க வேண்டும். தண்ணீருக்கு ஸ்ட்ரோ. சாரன் அவிழ்ந்தால் நான்தான் உடுத்திவிட வேண்டும். நுளம்பு நெற்றியில் இருந்தால் என்னைக் கூப்பிட வேண்டும். கழிவறைக்குப் போவதை நான் எழுதப்போவதில்லை. அதற்காகவே அவர் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். தொழுகைக்கு வுழூ எடுப்பது எப்படி என்று மௌலவியிடம் கேட்டேன். கட்டின் மேல் ஈரக்கையால் தடவிவிட்டால் போதும் என்றார். ஐந்து வேளையும் நான் அவருடைய முகத்தைக் கழுவி, கட்டைத் தடவி, காலைக் கழுவிவிட்டேன். திருமணமாகிப் பதினாலு வருடம். அதில் ஒன்பது வருடம் அவர் கடலுக்கு அப்பால். அந்த முகத்தை நான் அவ்வளவு கிட்டவிருந்து அவ்வளவு நேரம் பார்த்தது அந்த நாட்களில்தான்.

மகள் பார்க்கும்போது ஊட்ட வேண்டாம் என்றார். அவள் வந்தால் வாயை மூடிக்கொள்வார். நான் கதவைச் சாத்திவிட்டு ஊட்டினேன்.

மகளுக்கு வேறொரு கரைச்சல் தொடங்கியிருந்தது. குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிற வழியில் ஒரு கடையடியில் நாய்கள் படுத்திருக்கும். இத்தனை நாளும் அவற்றைத் தாண்டிப் போனவள் இப்போது போக மாட்டேன் என்று அழுதாள். நாய் பாய்ந்துதானே வாப்பாவின் கை முறிந்தது என்று கேட்டாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு நாள் போயிருக்கும். சவளக்கடை மில்காரர் அழைத்தார். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் வயர்கள் எப்படி இருந்தன என்று இவர் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாராம். வேறு ஆளை வைத்து வேலையை முடிக்கப் போவதால் அந்தப் படத்தை அனுப்பச் சொன்னார். என் கணவர் நித்திரையாக இருந்தார். நான் அவருடைய தொலைபேசியை எடுத்துத் தேடினேன். படங்களுக்குப் பக்கத்தில் சில்லுப் படம் போட்ட ஒரு செயலி இருந்தது. சும்மா தட்டிப் பார்த்தேன்.

அதில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் பதிந்து கிடந்தது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், பற்றரி எவ்வளவு என்று கோடு கோடாக. கடைசி ஓட்டத்தைத் திறந்தேன். நான் பத்தாம் ஆண்டுக்கு வரைபு படிப்பிக்கிறவள். ஒரு வண்டி பிரேக் பிடித்து நின்றால் வேகக்கோடு சரிந்து இறங்க வேண்டும். நாய் குறுக்கே வந்திருந்தால் அவர் கொஞ்சமாவது பின்னால் சாய்ந்திருப்பார். இந்தக் கோடு ஏறிக்கொண்டே போய் மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டரில் நின்று, அங்கிருந்து கிணற்றுக்குள் விழுந்த மாதிரி நேரே பூச்சியத்துக்கு வந்திருந்தது. பற்றரி முப்பது வீதத்துக்குக் கீழே. அன்றைக்குக் கரண்ட் வெட்டு நீண்டதால் அவர் பாதிச் சார்ஜோடுதான் புறப்பட்டிருந்தார்.

முந்தைய நாட்களையும் பார்த்தேன். கிட்டங்கியில் இரண்டு பக்கமும் தண்ணீராக இருக்கிற அந்த நேர்த்துண்டு வந்ததும் ஒவ்வொரு நாளும் கோடு எழும்பியிருந்தது. ஒருநாள் முப்பத்தெட்டு. பிறகு நாற்பத்தொன்று. பிறகு நாற்பத்துநாலு. எச்சரிக்கைச் சத்தம் என்ற இடத்துக்குப் போனேன். எல்லாம் அணைத்திருந்தது. ஆளைப் பின்னால் தள்ளுகிற ஏற்பாடும் அணைத்திருந்தது.

மில்காரருக்குப் படத்தை அனுப்பிவிட்டு, தொலைபேசியை இருந்த இடத்தில் வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் எழும்பினால் நான்தான் முகம் கழுவிவிட வேண்டும். இரண்டு கைகளையும் தலையணையில் நீட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிற மனிதனிடம், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். அவராகச் சொல்லட்டும் என்று எதிர்பார்த்தேன் போலும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் தம்பி வந்தான். கதிரையை இழுத்துக் கட்டிலடியில் போட்டுக்கொண்டு இருந்தான்.

“மச்சான், கிட்டங்கியில விசாரிச்சன். அந்த இடத்தில ஒரே ஒரு நாய்தான் நிக்கிதாம். கறுப்பு. நாளைக்கி நாங்க மூணு பேர் போறம். அதுக்கு ஒரு முடிவு கட்டித்தான் வருவம். இண்டைக்கி நீங்க, நாளைக்கி ஒரு புள்ளத்தாச்சி விழுவா.”

“விடு மச்சான்” என்றார் என் கணவர்.

“என்னத்த விடுற? ரெண்டு கையையும் பாருங்க.”

“விடு எண்டுதானே செல்றன்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தேத்தண்ணி குடித்துவிட்டு, காலையில் போவதாகச் சொல்லிப் போனான்.

மறுநாள் காலை அவன் புறப்படுவதற்கு முன்னால் எங்கள் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. கிட்டங்கியில் என் கணவரைத் தூக்கி வந்த அந்த மனிதர். கூட அவருடைய மனைவி. சைக்கிள் ஹாண்டிலில் ஒரு வாளி. அதற்குள் கொஞ்சத் தண்ணீரில் உயிரோடு இரண்டு விரால். காயம் ஆற விரால் நல்லது என்று கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். கதிரை நுனியில் இருந்தார்கள். அவர் என் கணவரின் கைகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“காக்கா, மன்னிச்சிக்கங்க. எங்கட நாயாலதான் உங்களுக்கு இப்பிடி வந்திட்டு.”

என் கணவர் கட்டிலில் நிமிர்ந்து இருக்கப் பார்த்தார்.

“அந்த இடத்தில வேற நாய் இல்ல. ஊரெல்லாம் அதான் கதை. நான் தண்ணிக்குள்ள நிண்டதால கண்ணால காணல்ல. கண்டிருந்தா அதட்டியிருப்பன். முந்தநாள் அதைக் கொண்டுபோய்த் தூரத்தில, மாமியார் வீட்டில கட்டிட்டு வந்திட்டன். இனி அந்த ரோட்டுப் பக்கம் வராது.”

அவருடைய மனைவி இத்தனை நேரமும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

“எங்கட குடில் தண்ணியோரம் தங்கச்சி. யானை வந்தா அதுதான் முதல் குலைக்கும். இப்ப ரெண்டு நாளா ஆரும் கண்ண மூடல்ல. அதுக்காகச் செல்லல்ல. உங்கட கஷ்டத்துக்கு முன்னால இது ஒண்டும் இல்ல.”

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சொல்ல வைத்த மாதிரி ஆகிவிடும் என்று வாளிக்குள் புரண்டுகொண்டிருந்த மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணன்” என்றார் என் கணவர். “நாய் வரல்ல.”

அந்த மனிதர் நிமிர்ந்தார்.

“ஒரு நாயும் வரல்ல. நான்தான் வேகமாப் போனன். நான்தான் விழுந்தன். வெக்கத்தில நாய் எண்டு செல்லிட்டன். மறுகா அதை மாத்த ஏலாமப் போயிட்டு.”

முதலில் கதைத்தது அந்த மனைவிதான். புருஷனுக்குச் சொன்னாள்.

“நான் சென்னன்தானே. அண்டைக்கு அது குடிலுக்குப் பின்னால, என்ர காலடியிலதான் கெடந்த எண்டு. நீங்க கேக்கல்ல.”

அவர் தலையாட்டினார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். “சரி காக்கா, காயம் ஆறட்டும்” என்றார். “அப்ப இண்டைக்கே போய்க் கூட்டிட்டு வந்திரலாம்.” கடைசி வசனம் மனைவிக்கு.

“மாப்புத் தாங்க அண்ணன்” என்று என் கணவர் சொன்னபோது அவருடைய கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. அந்த மனிதர் எழுந்து, தன் தோளில் கிடந்த துவாயால் துடைத்துவிட்டார். நான் அவ்விடத்தில் இருந்தும் என்னால் எழும்ப முடியவில்லை.

அவர்கள் போன பிறகு தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் கையில் பொல்லோடு வந்தவன். கேட்டுவிட்டுப் பொல்லை மதிலில் சாத்தி வைத்தான். “ராத்தா, உங்களுக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டான். மூன்று நாளாகத் தெரியும் என்றேன். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“எப்பிடித் தெரியும்?”

“கோடு கெடக்கு. நாப்பத்தாறு.”

தம்பி போன பிறகு அவர் முழுதையும் சொன்னார். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

“அதுக்கு முன்னால இன்னொரு சில்லு இல்ல புள்ள. நான் முன்னால சாய, அது எனக்குக் கீழ ஓடி வந்து என்னப் பிடிக்கணும். அப்பிடிப் பிடிக்கிறதுக்கு மோட்டர்ல மிச்சமாக் கொஞ்சம் பெலன் இருக்கணும். வேகம் கூடக் கூட அந்த மிச்சம் கொறையும். பற்றரி எறங்கினா இன்னும் கொறையும். அதுக்குத்தான் பீப் அடிக்கிற. ஆளப் பின்னால தள்ளுறதும் அதுக்குத்தான். அண்டைக்கு எதிர்க்காத்து வேற. நான் இன்னும் சாஞ்சன். அதால பிடிக்க ஏலாமப் போயிட்டு. மிதிபலகை அப்பிடியே முன்னுக்கு எறங்கிட்டு. மெதுவாப் போகக்குள்ள விழுந்தா நாலு எட்டு ஓடித் தப்பலாம். அந்த வேகத்தில மனுஷனால ஓட ஏலா.”

“இவ்வளவும் தெரிஞ்சுதான் அணைச்சீங்களா?”

“ஓம்.”

“ஏன்?”

“சத்தமே இல்ல புள்ள. ரெண்டு பக்கமும் தண்ணி. காத்து மட்டும் காதுல. அங்க ஒம்பது வருஷம் குழிக்குள்ள நிண்டன். பட்டி கட்டு, தொப்பி போடு, அங்க நிக்காத, இதத் தொடாத எண்டு ஒருத்தன் தலைக்கு மேல நிண்டான். ஊருக்கு வந்தா செல்றதுக்கு ஆருமில்ல எண்டு நினைச்சன். அந்த பீப் சத்தமும் அவன்ட சத்தம் மாதிரியே இருந்த.”

அவர் பிழை செய்தவர். ஆனால் நான் அனுப்பிய செய்திகளுக்கும் அவர் அனுப்பிய காசுக்கும் நடுவில் அந்தக் குழி இருந்ததை நான் ஒருநாளும் கேட்டு அறிந்ததில்லை.

மகளிடம் சொல்வதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் இருத்தி, நாய் ஒன்றும் செய்யவில்லை, வாப்பாதான் பொய் சொன்னேன் என்றார். அவள் ரொம்ப நேரம் அவருடைய நாடித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வாப்பா பொய் சென்னா அல்லாஹ் எழுதுவானே” என்றாள். “எழுதியிருப்பான்” என்றார் அவர். அன்றிலிருந்து அவள் முன்னாலும் என் கையால் சாப்பிட்டார்.

ஆறு வாரத்துக்குப் பிறகு கட்டை அவிழ்த்தார்கள். கைகள் மெலிந்து, தோல் பொருக்காகி, வேறு யாருடைய கைகளோ மாதிரி இருந்தன. பயிற்சிக்கு என்று மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கை நன்றாக வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. ஸ்க்ரூ முறுக்கும்போது பாதியில் நிறுத்தி, பிடியை மாற்றி, மறுபடி முறுக்குகிறார். துஆவுக்குக் கையேந்தினால் இடது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும், வலது உள்ளங்கை சாய்ந்து நிற்கும். தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் கவனிப்பார்கள் என்று ஆரம்பத்தில் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது வைப்பதில்லை.

சில்லை என்ன செய்வது என்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. உடைத்துப் போட வேண்டும் என்பது என் கட்சி. அது பிழை செய்யவில்லை என்பது அவருடைய கட்சி. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வேகத்தை இருபதில் பூட்டி, பூட்டைத் திறக்கிற இரகசிய இலக்கத்தை நான் வைத்துக்கொள்வது. சத்தம் எப்போதும் திறந்திருப்பது. நாடியையும் மூடுகிற ஹெல்மெட், முழங்கால் மூடி, மணிக்கட்டுக்குக் கீழே கெட்டியான தகடு வைத்த கையுறை, இவை மூன்றும் இல்லாமல் கேற்றைத் தாண்டுவதில்லை. பாதிச் சார்ஜில் புறப்படுவதில்லை. கிட்டங்கிக்கு அதில் போவதே இல்லை. பெட்ரோல் வந்த பிறகு அங்கெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். போகிற வழியில் அந்தக் குடிலடியில் இறங்கிக் கதைத்துவிட்டு வருவார். அந்தக் கறுப்பு நாய் இவரைக் கண்டால் இன்னும் குலைக்குமாம்.

ஒப்புக்கொண்டபடி நடக்கிறாரா என்று நான் ஆரம்பத்தில் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அவர் கேட்காமலே தருவார். ஒருநாள் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

போன மாதம் மருதமுனையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வங்கியில் வேலை. சவூதியிலிருந்து வந்த மைத்துனர் மூலம் இவரும் ஒரு சில்லு எடுப்பித்திருந்தார். அதில்தான் வந்தார். தலையில் ஒன்றுமில்லை. உள்ளே வந்து சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“இது முப்பதுக்கு மேல போனா கத்துது காக்கா. அதை நிப்பாட்ட உங்களுக்குத் தெரியுமெண்டு சென்னாங்க.”

என் கணவர் அவரை இருக்கச் சொன்னார். நான் தேத்தண்ணி கொண்டு வந்தபோது வலது கையை மேசையில் வைத்து, திரும்புகிற அளவுக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். சத்தம் எதற்கு, பற்றரி இறங்கினால் என்ன, காற்று எதிரில் வந்தால் என்ன என்று எல்லாம் சொன்னார். நாய்க் கதையையும் விடவில்லை. தன்னிடம் அந்த நாய்க்குரியவர்கள் வந்து மன்னிப்புக் கேட்டதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. வந்தவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. போட்டுப் பார்க்கச் சொல்லித் தன்னுடைய கையுறையைக் கொடுத்தார் என் கணவர். வந்தவர் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

“அப்ப நிப்பாட்டுற விதம்?” என்று எழும்பும்போது ஒரு தடவை கேட்டார்.

“எனக்குத் தெரியும்” என்றார் என் கணவர். “செல்ல மாட்டன்.”

வந்தவர் சிரித்துக்கொண்டு ஸலாம் சொல்லிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் கேற்றடியில் நின்று பார்த்தோம். தெரு வளைவு வரைக்கும் மெதுவாகத்தான் போனார். அதற்குப் பிறகு எப்படிப் போனார் என்று எங்களுக்குத் தெரியாது.